பழைய பிக்கப்புக்கு எந்தப் பல் கணக்கு?

மண்ணச்சநல்லூரிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் வழியாகத் திருச்சிக்கு அரிசி மூட்டை கொண்டுபோவது ஓர் ஓட்டம். துறையூர் போய்ப் பச்சைமலை ஏறுவது இன்னொன்று. நான்கு வழிச் சாலையில் சென்னைப் பக்கம் விரைவது மூன்றாவது. பழைய மஹிந்திரா பிக்கப் மூன்றுக்கும் போய்வந்துவிடும். எதற்கு முனகாமல் போகும் என்பதைத் தீர்மானிப்பவை பின் ஆக்சிலின் நடுவே, ஹவுசிங்குக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்கள். எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டின் முனையில் சின்னப் பினியன். அது திருப்புவது பெரிய கிரவுன் வீலை. பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால் தண்டு 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும். இந்த எண் கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழல வேண்டியும் வரும். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இந்த எண்ணைக் குறைக்கத்தான் ஆசை. பாரம் ஏற்றுகிற வண்டியில் அந்த ஆசைக்கு அளவு வேண்டும் என்பது என் கட்சி.

5.38 என்பது கண்ணை மூடிக்கொண்டு வைத்த எண் அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்புக்கு 4.88தான், அதாவது 39-க்கு 8 பல். போர் முடிந்து 1945-இல் அதே ஜீப்பை உழவர்களுக்கு விற்க சிஜே-2ஏ என்று கொண்டுவந்தபோது வில்லிஸ் அதை 5.38 ஆக்கியது. எஞ்சின் ஏறத்தாழ அதேதான். செய்யவேண்டிய வேலைதான் மாறியிருந்தது. மஹிந்திரா நம் நாட்டில் பல பத்தாண்டுகள் தயாரித்த சிஜே-3பி வரைக்கும் அந்த உழவர் எண்ணே இறங்கி வந்தது.

அன்றைக்குச் சாலை இப்படியா இருந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு சுற்றுக்குச் சுமார் 2.35 மீட்டர் உருளும் டயரோடு, டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 5.38-இல் எஞ்சின் நிமிடத்துக்கு 3050 சுற்று சுற்றும். 4.27 போட்டால் 2420 போதும். காதுக்கும் இதம், டீசலும் மிச்சம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு வண்டி டாப் கியரிலேயே நிற்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. பழைய ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 1.55. பாரத்தோடு மேட்டில் 4.27 திணறி, ஓட்டுநர் இரண்டாவதுக்கு இறங்கினால் மொத்த விகிதம் 6.6-ஐத் தாண்டிவிடுகிறது. 5.38 வண்டி அதே மேட்டை டாப்பிலேயே ஏறியிருந்தால் அதன் எஞ்சின் இதைவிடக் குறைவாகத்தான் சுழன்றிருக்கும். சிக்கனத்துக்காகப் போட்ட பல் சிக்கனத்தைத் தின்றுவிடுகிறது. 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 2022-இல் ஜிஎஸ்டி வந்தபின் மூட்டை 26 கிலோவானது ஊரறிந்த சாமர்த்தியம். அதில் முப்பது ஏற்றினாலே 780 கிலோ. காலி வண்டியில் பார்த்த சுகத்தை இந்தப் பாரத்தோடு எதிர்பார்க்க முடியாது.

டீசல் எஞ்சின்காரர்களின் வாதம் இதைவிட வலுவானது. மஹிந்திராவில் வந்த 2112 சிசி பெஜோ டீசலின் உச்ச இழுவிசை 2000 சுற்றுப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். அதை எதற்கு மேலே விரட்டவேண்டும்? ஒப்புக்கொள்ளலாம். துறையூர் சாலையில் பாரத்தோடு போகத்தக்க 60 கிலோமீட்டர் வேகத்தை எடுத்துக்கொண்டால், 5.38-இல் 2290 சுற்று, 4.88-இல் 2075, 4.27-இல் 1815. எஞ்சின் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கேயே கொண்டுபோய் நிறுத்துவது 4.88. ஆகவே டீசலுக்கு 4.88 சரி. பாரம் இழுக்கும் பெட்ரோல் வண்டியில் 5.38 அப்படியே இருக்கட்டும். 4.27 ஞாயிற்றுக்கிழமை அழகுக்கு ஓட்டும் காலி வண்டிக்கு.

பெரிய டயர் போட்டால் போதாதா என்பதும் உண்டு. 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயருக்குப் பதில் 79 போட்டால் 5.38 என்பது 5.11 போல வேலை செய்யும். கிடைப்பது ஐந்து சதவீதம். கூடவே ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-இல் போகும், ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கின் பிடி குறையும். இதைவிட ஐந்து கியர் பெட்டி மேல். ஐந்தாம் கியர் 0.85 என்றால் நெடுஞ்சாலையில் 5.38 என்பது 4.57 ஆகிவிடும், முதல் கியரின் இழுவையிலும் கைவைத்ததாக இராது. செலவு கூடத்தான், தண்டின் நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

பல்லையே மாற்றுவதென்றால் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வேண்டும். ஒன்றோடொன்று உராயவிட்டுப் பொருத்தப்பட்டவை அவை. ஒன்று பழையது, ஒன்று புதியது என்று போட்டால் ஊளையிடும். ஷிம் வைத்துப் பல்லிடை விளையாட்டைச் சரிசெய்து, பல்லில் சாயம் பூசித் தடம் பார்க்கிற பொறுமை உள்ள மெக்கானிக்கிடம்தான் கொடுக்கவேண்டும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் ஆக்சிலுக்கும் அதே விகிதம் கட்டாயம். இல்லாவிட்டால் கெட்டித் தரையில் நாலு சக்கர இழுவையைப் போட்டதும் இரு ஆக்சிலும் மல்லுக்கட்டி ஏதாவதொன்று முறியும். வாங்கும் வண்டியில் ஏற்கெனவே யாரோ பல்லை மாற்றியிருக்கக்கூடும். கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, இரண்டையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்று சுற்றி, தண்டில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணவேண்டும். ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வந்தால் அது 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றால் 4.88.