ஆனிரை மேயும் நிலத்தில் வனவிலங்குக் காட்சி

ஆபிரிக்காவின் வனவிலங்குகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அரசினர் காக்கும் தேசிய வனங்களையே நாடுவர். ஆங்கே மாடு மேய்த்தல் பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. மாடும் மானும் ஒரே புல்லை வேண்டுவன. ஆதலின் அவை ஓரிடத்து வாழ்தல் இரண்டிற்கும் கேடென்பதே நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். அக்கருத்து முற்றும் பொருந்துமா என ஆராய்தற்குக் கென்யா நாட்டின் லைக்கிப்பியா மேட்டுநிலம் ஏற்ற களமாகும்.

கென்யா மலைக்கும் அபடேர் மலைத்தொடருக்கும் இடையில், பூமத்திய கோட்டையடுத்து, ஒல் பெஜெற்றா என்னும் பண்ணை அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 90,000 ஏக்கர். முன்னர் மாட்டுப் பண்ணையாகவே நடைபெற்ற இதன் ஒரு பகுதி 1988இல் வனவிலங்குக் காப்பிடமாக்கப்பட்டது. 2004இல் காப்புப் பணிக்கென நிலம் கைமாறிய பின்னரும் பண்ணைத் தொழில் கைவிடப்படவில்லை. திமிலுடைய போரான் இன மாடுகள் மேயும் அதே வெளியில் யானையும், வரிக்குதிரையும், ஒட்டைச்சிவிங்கியும், சிங்கமும் உலாவுவதை உல்லாசப் பயணிகள் காண்பர்.

இக்கூட்டு வாழ்வு எவ்வாறு இயல்கின்றது? முதலாவது, பட்டி. சிங்கத்திற்கு அஞ்சி இரவில் மாடுகளைப் பட்டியில் அடைப்பர். சாணமும் சலமும் சேர்தலால் அவ்விடத்து மண்ணில் நைதரசனும் பொசுபரசும் மிகும். பட்டி பெயர்க்கப்பட்ட பின்னர் அங்கே செழும்புல் முளைக்கும். பல இடங்களில் அது நம் அறுகின் இனத்ததாகும். இப்பசுந்தரைகள் பல பத்தாண்டுகள் நிலைப்பன. மான்கள் அவற்றை விரும்பி அடைகின்றன. புல் சத்துடையது, புதரின்மையால் பகைவிலங்கு வருவதும் தூரத்தே தெரியும். வயலில் பட்டி அடைத்து எருவூட்டும் நம் உழவர்க்கு இதன் காரணம் விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, புல்லின் பங்கீடு. லைக்கிப்பியாவில் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, வறட்சிக் காலத்தில் வனவிலங்குகள் மாட்டின் உணவைக் குறைக்கின்றன என்றும், மாரிக் காலத்திலோ முற்றிய தாள்களை வரிக்குதிரைகள் மேய்ந்தகற்றுவதால் மாடுகள் இளம்புல் பெற்றுக் கொழுக்கின்றன என்றும் காட்டியது. எனவே போட்டியும் உதவியும் பருவத்தைப் பொறுத்தன.

மூன்றாவது, உண்ணி. மருந்திடப்பட்ட மாடுகள் மேய்ந்து திரியும்போது அவற்றின் மேல் ஏறும் உண்ணிகள் மடிகின்றன. அதனால் நிலத்தில் உண்ணி குறைய, வனவிலங்குகளும் பயனடைகின்றன.

பறவை காண்போர்க்கும் இந்நிலம் விருந்தாகும். தீக்கோழியும், பொன்முடி தரித்த சாம்பல் நாரையும், பாம்பை உதைத்துக் கொல்லும் நெடுங்காற் பறவையும் திறந்த வெளியில் எளிதிற் புலப்படும். மாட்டின் காலடியிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும் உண்ணிக்கொக்கு நம் வயல்களிலும் காண்பதே. விலங்கின் முதுகிலேறி உண்ணி கொத்தும் பறவையைச் சுவாகிலி மொழியினர் 'அஸ்காரி வா கிபாரு', அதாவது காண்டாமிருகத்தின் காவலன் என்பர். தென்னாபிரிக்காவில் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இப்பறவை உடனிருந்த காண்டாமிருகங்கள் மனிதர் அணுகுவதை எளிதில் உணர்ந்தன எனக் காட்டியமையால், அப்பெயர் பொருளுடையதே எனலாம். ஆயினும் அதே பறவை புண்ணைக் கொத்திக் குருதி குடிப்பதும் உண்டு.

2009இல் செக் நாட்டு விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து நான்கு வடபுல வெண் காண்டாமிருகங்கள் ஒல் பெஜெற்றாவிற்குக் கொணரப்பட்டன. 2018 மார்ச்சு 19ஆம் நாள் அவ்வினத்தின் இறுதி ஆணாகிய சூடான் இறந்தது. அதன் மகளும் மகளின் மகளுமே எஞ்சின. நன்கு காக்கப்பட்ட நிலமும், காலங் கடந்தபின் ஓரினத்தை மீட்க மாட்டாது.

இந்நிலத்தின் வரலாற்றில் மறத்தற்கரிய செய்தி ஒன்றுண்டு. 1911ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் மசாய் மக்கள் லைக்கிப்பியாவினின்று தெற்கே அகற்றப்பட்டு, அவர்தம் மேய்ச்சல் நிலம் ஐரோப்பியக் குடியேறிகள் வசமாயிற்று. மாட்டையும் வனவிலங்கையும் ஒருங்கே வாழவிட்ட மேய்ப்பர் குலத்தார் வெளியேற, அவ்வழக்கத்தின் பயனைப் பிறர் துய்த்தனர். 2017இல் வறட்சி மிக்கபோது, மேய்ப்பர் பலர் தம் நிரைகளுடன் லைக்கிப்பியாவின் தனியார் பண்ணைகளுட் புகுந்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

ஆகவே, மாடும் மானும் ஒரு நிலத்தில் வாழுமா என்னும் வினாவிற்கு இயற்கை இசைவான விடையே தந்துள்ளது. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் வரவு நின்றபோது, காட்சிக் கட்டணத்தை மட்டும் நம்பாது கால்நடையும் பேணுதலின் நன்மை தெளிவாயிற்று. எஞ்சியுள்ள வினா மனிதரைப் பற்றியது: புல்லின் பயன் அயலவர்க்கும் கிடைக்குமா? அதற்கு நேர்மையான விடை காணும் அளவிற்கே வேலியின் உள்ளிருக்கும் விலங்குகளும் பாதுகாப்புப் பெறும்.