உட்காரும் உரிமையும் ஊழியர் மனநலமும்

பணியிட மனநலம் என்றதும் ஆலோசகர் ஒருவரை அழைத்து உரையாற்றச் செய்வதும் யோகா வகுப்பு நடத்துவதுமே பல நிறுவனங்களின் நினைவுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனமோ 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், அளவுமீறிய வேலைச்சுமை போன்ற பணிச்சூழல் காரணங்களையும் களைய வேண்டும் என்கிறது. நீடித்த பணி அழுத்தத்தால் ஆற்றல் வற்றி, வேலையில் வெறுப்பு ஊறி, திறன் குன்றிப்போகும் நிலையை 2019-இல் அது நோயாக அன்றித் தொழில்சார் நிகழ்வாகவே வகைப்படுத்தியதும் இதே நோக்கில்தான்.

இந்த நோக்கின் பொருளைத் தமிழகத்தின் ஜவுளிக்கடைகளில் தெளிவாகக் காணலாம். வாடிக்கையாளர் எவரும் வராத பிற்பகலிலும் புடவை அடுக்குகளின் முன் நின்றுகொண்டே இருக்கவேண்டிய பெண்ணுக்குக் கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது. கழிப்பறைக்கு அனுமதி கேட்க அஞ்சி அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். சற்றுச் சாய்ந்தாலும் கேமராவில் தெரிந்துவிடுமே என்ற பதற்றம், உடல் வலியைக் காட்டிலும் ஆழமாக மனத்தை அரிக்கிறது.

கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி முன்னின்று வளர்த்த 'பெண்கூட்டு' அமைப்பு, கழிப்பறை வசதி கேட்டுத் தொடங்கி உட்காரும் உரிமைக்கும் போராடியதன் விளைவாக, கேரளம் 2018-இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021-இல், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, வேலைக்கு இடையே வாய்ப்பு நேரும்போது ஊழியர்கள் அமர்வதற்கேற்ற இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. நிற்பதைக் கடையின் ஒழுங்கு என்றே பழகிவிட்ட சமூகத்தில் இது சிறிய திருத்தமன்று.

எனினும் சட்டம் நாற்காலியைத்தான் கொண்டுவரும். அதில் அமர்ந்தவரைப் பார்த்துச் சூப்பர்வைசர் முகம் சுளித்தால் மறுநாள் எவரும் அமரமாட்டார். ஆகவே சூப்பர்வைசருக்குப் பயிற்சி தருவதும், விற்பனை இலக்கை எட்டாதவரைப் பலர்முன் கடிந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்துவதும், ஓய்வு நேரத்தை முறைவைத்துப் பங்கிட்டு, கூட்டம் நெரியும் தீபாவளி வாரங்களிலும் அதை வெட்டாமல் காப்பதும் இருக்கை வாங்குவதைவிட இன்றியமையாத வேலைகளாகும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி நாற்காலிகளை எண்ணுவதோடு நில்லாமல், முதலாளி அருகில் இல்லாத இடத்தில், கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று ஊழியரிடம் கேட்பதும் அவ்வாறே தேவைப்படுகிறது.