செக்ரோலில் ஏறிய பிக்கப்

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, வெயில் ஏறுவதற்குள் தன் பங்கு மரங்களைச் சீவி முடித்து, நிறைந்த வாளிகளைச் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு வந்து சேரும் தொழிலாளி, தராசின் முள் ஓய்ந்து நிற்கும் வரையில் கண்ணை இமைக்க மாட்டார். நிறுவை முடிந்ததும் தோட்டத்துக் கணக்கரான கிராணி எந்த இலக்கத்தை எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்காமல் அவ்விடத்தை விட்டு நகரவும் மாட்டார். எழுத்தறியாதவருக்குக்கூட இலக்கம் தெரிந்திருந்தது. ஏனெனில் அந்த இலக்கத்தில்தான் அடுத்த மாதத்து அரிசியும் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் அடங்கியிருந்தன. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக வியாபார நோக்கத்தோடு ரப்பர் நட்டு, பின்னர் புக்கிட் அசகானில் அதனைப் பெருந்தோட்டமாக விரித்த இந்த மலாக்கா மண்ணில், தராசையும், செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டையும் நம்பி மூன்று தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று செலண்டாரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புல்வெட்டும் குத்தகை, செம்பனைக் குலை ஏற்றும் வேலை, காய்கறி வியாபாரம், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் கொண்டுபோவது என்று பலவகைத் தொழில்களைச் செய்து பிழைக்கிறார்கள். அத்தொழில்களுக்கெல்லாம் ஆதாரமாக வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் பிக்கப் நிற்கிறது. பால் நிறுவையில் ஒரு ராத்தல் குறைந்தாலும் பொறுக்காத பரம்பரையில் வந்தவர்கள், தங்கள் வண்டி ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டால் மட்டும், “என்னமோ குடிக்குதுங்க” என்று சொல்லிச் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நூற்று அறுபத்தாறு லிட்டர்

2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதி வரையில் இந்தச் சிரிப்புக்கு இடமிருந்தது. அன்றைய தினம் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கு அரசாங்கம் பொதுவாக அளித்து வந்த மானியம் நீங்கியது. லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்த விலை, ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாயிற்று. சபா, சரவாக், லாபுவான் பகுதிகளில் பழைய விலையே நீடித்தது. தகுதியுள்ள தனியார் வண்டிக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் ‘புடி மடானி’ திட்டத்தின்கீழ் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வழங்க ஏற்பாடாயிற்று. அதன்பின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியிறங்கினாலும், அந்த முதல் நாளின் கணக்கு ஒன்று மனத்தில் இருத்திக்கொள்ளத்தக்கது. விலையேற்றம் லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு. 200 வெள்ளியை அதனால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 166 லிட்டர். மாதத்தில் அந்த அளவுக்குள் ஊற்றியவருக்கு உதவித்தொகையே ஏற்றத்தை ஈடுசெய்தது. அதற்குமேல் ஊற்றிய ஒவ்வொரு லிட்டரின் சுமையும் சொந்தச் சட்டைப்பையில் விழுந்தது.

லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த 166 லிட்டர் மாதம் 1,500 கிலோமீட்டர் வரை தாங்கும். ஜாசினுக்கும் மலாக்காப் பட்டணத்துக்கும் நாள்தோறும் போய்வருகிறவருக்கு இது போதாது. ஆகவே, வருமானம் பெருகும் வழி தெரியாத நிலையில், ஊற்றும் எண்ணெயில் அதிகத் தூரம் ஓடும் வழியைத் தேடுவதைத் தவிர வேறு உபாயம் இல்லாமற்போயிற்று.

புகை சொல்லும் செய்தி

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய யந்திரத்தின் சூட்சுமம் எளிமையானது. காற்றைச் சிலிண்டருக்குள் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது தானே தீப்பற்றவைக்கும் அளவுக்கு உஷ்ணமடைகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைப் பனித்துளியினும் நுண்ணிய தூவானமாகப் பீய்ச்சினால், தீப்பொறி எதுவும் வேண்டாமலே அது எரிகிறது. இதில் மூன்று காரியங்கள் ஒழுங்காக நடக்கவேண்டும்: காற்று போதிய அளவு வரவேண்டும், எண்ணெய் நன்கு தூவப்படவேண்டும், அது உரிய கணத்தில் தூவப்படவேண்டும். பழைய பிக்கப் ஒன்று அதிகம் குடிக்கிறதென்றால், பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்று தவறியிருக்கிறது என்றே கொள்ளலாம்.

தவறியது எது என்பதைப் புகை ஓரளவு சொல்லிவிடும். ஏற்றத்தில் மிதிக்கும்போது கரும்புகை வந்தால், காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் உள்ளே போய்ப் பாதி எரிந்து கரியாக வெளியேறுகிறது என்று பொருள். அதாவது காசு கொடுத்து வாங்கிய டீசல் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. காற்று வடிகட்டியில் செம்மண் தூசு அடைத்திருக்கலாம், அல்லது நோசலின் ஊசிமுனை தேய்ந்து, தூவானமாக விழவேண்டியது சொட்டுச்சொட்டாக வடியலாம். நீலப்புகை வந்தால் யந்திர எண்ணெய் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லையென்றால், எரியாத டீசலோ யந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோ வெளியேறுகிறது. கரும்புகை விடும் வண்டிகளின்மேல் 1996ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைப்படி நடவடிக்கை எடுக்க இந்நாட்டில் இடமுண்டு. ஆயினும் அபராதத்துக்கு அஞ்சித் திருத்துவதைவிட, தன் பணமே புகையாகிறது என்றுணர்ந்து திருத்துவது விவேகம்.

இதிலே செம்பனை நாட்டுக்கே உரிய விசேஷம் ஒன்றும் இருக்கிறது. இங்கே நிலையங்களில் கிடைக்கும் டீசலில் 7 அல்லது 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசல் கலந்திருக்கிறது. காலையில் நாம் ஏற்றிக்கொண்டு போகும் குலைகளின் சாரமே ஒருநாள் நம் டாங்கியில் வந்து விழுகிறது என்று சொல்லலாம். ஆனால் அந்த உயிரி டீசலுக்குப் பழைய டாங்கியின் அடியில் பல்லாண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பும் குணமும் உண்டு. ஆகையால் பழைய வண்டிக்காரர்கள் டீசல் வடிகட்டியை அடிக்கடி பார்ப்பதும், அதன் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுவதும் நல்லது.

பட்டறையில் ஒரு காலை

என் நண்பர் ஒருவர், தோட்டத்தில் பிறந்து, பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோது வெளியேறி, இன்று புல்வெட்டும் குத்தகை செய்பவர். இருபது ஆண்டுகளைத் தாண்டிய பிக்கப் வைத்திருக்கிறார். வண்டி திடீரென்று அதிகம் குடிப்பதாகச் சொல்லி அவர் பட்டறைக்குக் கொண்டுபோனபோது நானும் உடன் சென்றேன். வண்டி பழுதுபார்க்கும் போமன் இளைஞர், ஆனால் பதற்றமில்லாதவர். யந்திரத்தைத் திறக்கவில்லை. வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு வந்து, நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். பின்புற இடச்சக்கரத்தருகே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அண்ணே, கை பிரேக்கைப் போட்டுக்கிட்டே இத்தனை நாளா ஓட்டியிருக்கீங்க.”

“நான் எறக்கித்தானேப்பா ஓட்டுறேன்!”

“நீங்க எறக்கினீங்க, துருப்பிடிச்ச கேபிள் எறங்கல.”

பிறகு அவர் வெப்பமானியைச் சுட்டிக்காட்டினார். அரைமணி நேரம் ஓடியும் முள் ஏறாமல் கீழேயே கிடந்தது. இந்த உஷ்ண தேசத்தில் யந்திரம் கொதித்துவிடுமோ என்ற பயத்தில், தெர்மோஸ்டாட் என்னும் சிறு அடைப்பானைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. நண்பரின் வண்டியிலும் என்றோ, யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். நீர் ஏறத்தாழ 80 பாகைச் சூட்டை எட்டும்வரை அதனை யந்திரத்துக்குள்ளேயே தடுத்து நிறுத்துவது அந்த அடைப்பானின் வேலை. அது இல்லாவிட்டால் யந்திரம் நாள் முழுதும் விடியற்காலைக் குளிரிலேயே உழைக்கிறது. எண்ணெயும் சரியாக எரிவதில்லை. கொதிப்புக்கு அஞ்சிச் செய்த பரிகாரமே நித்திய நஷ்டமாக முடிந்தது. கேபிளும் அடைப்பானும் சேர்ந்து அன்றைய செலவு சொற்பம். நண்பர் நெடுநாளாக வாங்க நினைத்திருந்த, டீசல் குழாயில் மாட்டும் காந்தத்தின் விலையைவிடக் குறைவு. அத்தகைய சிக்கனக் கருவிகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு சோதித்து, மிகச் சிலவற்றில் மட்டுமே சிறு பயன் இருப்பதையும், எதிலும் குறிப்பிடத்தக்க பயன் இல்லாததையும் கண்டது என்று நான் சொன்னபோது, அவர் காந்த விளம்பரத்தாளை மடித்துக் கைதுடைக்க உபயோகித்தார்.

காலின் சிக்கனம்

யந்திரம் செப்பனிட்டான பிறகு எஞ்சுவது ஓட்டுகிறவரின் வலக்கால். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பிடித்திழுக்கும் விசையை 100 பங்கு என்று கொண்டால், 110இல் அது ஏறத்தாழ 189 பங்காகும். நிமிர்ந்த முகமுடைய பிக்கப்புக்கு இது சின்ன விஷயமல்ல. பின்கதவைத் திறந்துபோட்டால் காற்று இலகுவாகப் போய்விடும் என்று நம்பி அப்படி ஓடுகிறவர்களும் உண்டு; உண்மையில் மூடிய தொட்டிக்குள் காற்றே ஒரு மெத்தைபோல் சுழன்று நின்று, மேலே வரும் காற்றை வழுக்கி அனுப்பிவிடுகிறது. மூடிவைப்பதே மேல். டயரில் காற்றுக் குறையாமல் பார்ப்பதும், இறக்க மறந்த ஈரமண்ணையும் பழைய சங்கிலியையும் ஊர் ஊராகச் சுமக்காதிருப்பதும், குலை இறக்கும் இடத்தில் வரிசையில் நிற்கையில் யந்திரத்தை அணைத்துவிடுவதும், சொல்லத் தேவையில்லாதவைபோல் தோன்றினாலும் செய்யப்படாதவை.

இவையனைத்துக்கும் முன்னால் செய்யவேண்டிய காரியம் அளப்பது. டாங்கியை வழிய நிரப்பி, கிலோமீட்டர் இலக்கத்தை எழுதி, மறுமுறை அதே நிலையத்தில் வழிய நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்து, ஓடிய தூரத்தை அதனால் வகுத்தால் விடை வந்துவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால், மீட்டர் உண்மைத் தூரத்தைக் குறைத்துக் காட்டும். நூற்றுக்கு ஐந்து பெரிதான டயரில் 105 கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டரில் 100தான் ஏறும்.

அளந்து பார்க்கிறவருக்கு ஓர் ஆச்சரியமும் காத்திருக்கிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டி, 9இலிருந்து 10 கிலோமீட்டருக்கு உயர்ந்தால் ஏறத்தாழ 17 லிட்டர் மிச்சம். அந்த முதல் நாளின் 3 வெள்ளி 35 காசு விலையில் அது மாதம் 56 வெள்ளி, ஆண்டுக்குச் சுமார் 670 வெள்ளி. அதே தூரம் ஓடும் புதிய வண்டி 14இலிருந்து 15க்கு உயர்ந்தாலோ மிச்சம் 7 லிட்டர் மட்டுமே. அதிகம் குடிக்கிறவனைத் திருத்துவதில்தான் அதிக லாபம். பழசுதானே என்று கவனியாமல் விடுகிற வண்டியே கவனத்துக்கு அதிகக் கூலி கொடுக்கிறது. அந்த 670 வெள்ளிதான் செலவுக்கும் எல்லை: அதை மீறும் செப்பனிடலின் பணம் ஒரே ஆண்டில் திரும்பிவராது.

சில மாதங்கள் கழித்து நண்பரின் வண்டியில் ஏறியபோது, முன்கண்ணாடியின் கீழே நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று கிடந்தது. தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று கோடு கிழித்து எழுதியிருந்தார், 9.1, 9.8, 10.3 என்று கடைசிப் பத்தி மெல்ல ஏறியது. மேலட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வண்டியின் பதிவு எண்ணுக்கு மேலே, அவருடைய தகப்பனாரின் பெயரைத் தோட்டத்துக் கிராணி எழுதிய அதே தினுசில், பெரிய எழுத்தில் ‘செக்ரோல்’ என்று எழுதியிருந்தது.