பிளாஸ்டர் துண்டு பிழைத்தது, ஃபைல் பிழைக்குமா?

பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்துக்குள் 1936 ஜூலையில் புகுந்த கலவரக்காரர்கள் வரைபடங்களைக் கொளுத்தினார்கள். பிளாஸ்டர் மாதிரிகளை நொறுக்கினார்கள். தேவாலயத்தை வடிவமைத்தவரோ 1926-லேயே டிராம் மோதி இறந்துபோயிருந்தார். அத்தோடு வேலை நின்றிருக்க வேண்டும். பொறுக்கிச் சேர்த்த துண்டுகள்தான் அதைக் காப்பாற்றின.

காரணம், அவரது வளைவுகளுக்குள் கணக்கு இருந்தது. ஹைபர்போலாய்ட் என்ற வளைபரப்பு ஒன்றின் இடம், சாய்வு, வடிவம் அனைத்தையும் ஒன்பது எண்களில் சொல்லிவிடலாம். உடைந்த துண்டின் மேற்பரப்பை அளந்து, அதற்குப் பொருந்தும் எண்களைத் தேடினால் மொத்த வளைவும் கிடைத்துவிடும். 1990-களில் இந்தத் தேடலுக்கு விமானம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரையே கொண்டுவந்தார்கள். ஓர் எண்ணைத் திருத்தினால் அதை ஒட்டிய ஜன்னலும் சேர்ந்து நகரும். ஆஸ்திரேலியாவில் இருந்தவர்களும் பார்சிலோனாவில் இருந்தவர்களும் ஒரே மாடலில் வேலை பார்த்தார்கள். கல் அறுக்கும் மெஷினுக்கும் அதிலிருந்தே அளவு போனது. 2010-ல் மைய மண்டபத்தில் வழிபாடு தொடங்கிவிட்டது.

இப்படி எல்லோரும் ஒரே மாடலில் வேலை பார்ப்பதைத்தான் இன்று எல்லா இடத்திலும் 'பிம்' (கட்டடத் தகவல் மாடல்) என்கிறார்கள். பிரிட்டன் 2016-ல் மத்திய அரசின் கட்டுமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்னையில் உட்கார்ந்து பைப் லைன் மாடல் போடும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். டக்டும் பீமும் முட்டிக்கொள்வதைத் தளத்தில் உடைத்துப் பார்க்காமல் திரையிலேயே கண்டுபிடிக்கிறார்கள். நல்லதுதான், பணமும் மிச்சம்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. கட்டடம் நூறு வருஷம் நிற்கும். அதன் மாடலைத் திறக்கும் சாஃப்ட்வேர் பத்து வருஷத்தில் உருமாறிவிடும், சந்தா நின்றால் அதற்கு முன்பே கதவு சாத்திக்கொள்ளும். பிளாஸ்டரை நொறுக்கினாலும் துண்டாவது மிஞ்சியது. திறக்காத ஃபைலில் எதைப் பொறுக்குவது?

ஐ.எஃப்.சி. என்ற பொது ஃபைல் வடிவம் இருக்கிறதே, 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமும் ஆகிவிட்டதே என்பார்கள் துறைக்காரர்கள். உண்மை. அதில் சுவரின் உருவம் பத்திரமாகப் போய்ச் சேரும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று எப்படி நகர வேண்டும் என்ற அந்தப் பிணைப்பு பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். வடிவமைத்தவரின் யோசனை குடியிருப்பது அந்தப் பிணைப்பில்தான்.

சக்ராடா ஃபமிலியாவில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் மாதிரிப் பட்டறையை மூடவில்லை. திரையில் முடிவானதை முப்பரிமாண அச்சில் எடுத்து, பிளாஸ்டர் பூசி, கையால் தடவிப் பார்த்தார்கள். மற்ற கட்டுமானங்களில் அதற்கு நேரமோ காசோ ஒதுக்குவதில்லை. அங்கே கம்ப்யூட்டர் மாடலை எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைப்பது என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது. முப்பது வருஷம் கழித்து அதைத் திறந்து காட்டுவது யார் பொறுப்பு என்று கேட்டால், கட்டியவர் வடிவமைத்தவரைக் காட்டுகிறார், அவர் கட்டட உரிமையாளரைக் காட்டுகிறார்.