சிறு நாயின் முழங்காலும் ஏரிக்கரை வீட்டின் 12 வாரங்களும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வளரும் நாய்க்கு வீடு என்பது நான்கு சுவருக்குள் அடங்குவதல்ல. வலை காயும் மணல்திட்டும், படகு வந்தடையும் துறையும், மீனைக் கொட்டி ஏலம் விடும் இடமும் அதற்கு வீடுதான். விடியற்காலையில் படகின் ஓசை கேட்டதும் எழுந்தோடிப் போய், விளிம்பில் தாவி ஏறி, உள்ளே கிடக்கும் பொடிமீனை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குதித்து இறங்குவது அதன் நித்திய வழக்கம். இவ்வளவு சுதந்திரமாக வளர்ந்த 5 கிலோ எடையுள்ள ஒரு சிறு நாய்க்கு, பொமரேனியன் என்று ஊரார் பிரியமாக வளர்க்கிற அந்த வெள்ளை மயிர்ப் பிராணிக்கு, முழங்காலில் சஸ்திர சிகிச்சை செய்து முடித்து, ‘இனி 12 வாரம் இது ஓடவும் கூடாது, தாவவும் கூடாது’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பினால், அந்த வீட்டார் எவ்வளவு திகைப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆயினும் அந்தக் கட்டளையை நிறைவேற்றுவது குப்பத்து வீட்டில் அசாத்தியமன்று; பட்டணத்து மாடி வீட்டைவிட ஏரிக்கரையில் அதற்கு அனுகூலங்கள் அதிகம் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நாயின் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தித் தெரிகிற மூட்டை முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள், அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, மயிருக்குள் மறைந்திருக்கிறது. அதனுள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்துக்கொண்டு இரண்டு ஜவ்வுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகின்றன. மனிதனுக்கு முன்புற ஜவ்வு விளையாட்டிலோ விபத்திலோ ஒரே வீச்சில் அறுபடுவது வழக்கம். நாய்க்கோ அது பெரும்பாலும் மாதக்கணக்கில் உள்ளூர நைந்துகொண்டே வந்து, ஒருநாள் சாதாரணமாகத் தாவும்போது விட்டுவிடுகிறது. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு நாய்க்குப் பின்பக்கமாகச் சரிந்திருப்பதால், சரிவான கரையில் ஏற்றி நிறுத்திய படகு கட்டுக்கயிறு அறுந்ததும் சறுக்குவதுபோல, ஒவ்வோர் அடிக்கும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கிச் சறுக்குகிறது. வலி உண்டாவதும், மூட்டு தேய்வதும், நாய் காலைத் தூக்கிக்கொள்வதும் இதனால்தான்.

சிறிய ஜாதி நாய்களுக்கு விசேஷமாக வருகிற இன்னொரு கோளாறும் உண்டு. முழங்கால் சில்லு தனக்குரிய பள்ளத்தைவிட்டு உட்பக்கமாக நழுவிவிடும். நாலடி நன்றாக நடக்கும். சட்டென்று ஒரு பின்னங்காலை மடக்கிக்கொண்டு இரண்டு துள்ளல் துள்ளும். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் நான்கு காலிலும் போகும். இதை மருத்துவர்கள் 4 தரங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் தரத்துக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை; மேல் தரங்களில் பள்ளத்தை ஆழப்படுத்தி, சில்லின் நார் பற்றியிருக்கும் எலும்பு முனையையும் நேர்ப்படுத்திப் பொருத்துகிறார்கள்.

ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பிரதேசத்தில், கால் தூக்கும் பிராணியைக் கண்டதும் எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இங்கே முறிந்தது எலும்பல்ல. எவ்வளவு இறுகக் கட்டினாலும் அறுந்த ஜவ்வு ஒட்டாது. கைதேர்ந்த மருத்துவர் மூட்டை இருபுறமும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தே ஜவ்வு அறுந்ததைக் கண்டுபிடித்துவிடுவார். 1903-ல் வேப்பேரியில் தொடங்கி, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஜவ்வு அறுந்த எல்லா நாய்க்கும் கத்திதான் கதி என்பதுமில்லை. 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் பெரும்பாலானவை ஓய்வினாலேயே சில மாதங்களில் நடை தேறின என்று 1984-ல் வாசர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். எது தகும் என்பதை நாயைத் தொட்டுப் பார்த்தவரே தீர்மானிக்க வேண்டும்.

சிகிச்சை முறையில் கடலோர வாசகர்களுக்கு உவப்பான ஒரு செய்தி இருக்கிறது. 1952-ல் பின்லாந்தைச் சேர்ந்த பாட்ஸாமா என்பவர், தொடைத் தசையின் உறையிலிருந்து ஒரு நாடாவை உரித்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த ஜவ்வின் இடத்தில் இழுத்துக் கட்டும் முறையை வெளியிட்டார். 1993-ல் ஸ்லோக்கம் என்ற அமெரிக்கர், எலும்பையே வெட்டிச் சரிவைச் சமமாக்கும் முறையை எழுதினார். இவ்விரண்டுக்கும் இடையே பிறந்து, சிறு நாய்களுக்கு இன்றும் பெருவழக்காக இருப்பது, மூட்டுக்கு வெளியே கெட்டியான நூலைச் சுற்றிக் கட்டி எலும்பு சறுக்காமல் நிறுத்தும் முறை. அந்த நூலுக்காக மருத்துவர்கள் நெடுங்காலம் நாடியது தூண்டிலுக்கென்றே செய்யப்பட்ட நைலான் நரம்பைத்தான்! நரம்பு வலையோடு ஆயுள் முழுவதும் பழகிய பழவேற்காட்டு மீனவருக்கு அதன் குணத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓயாமல் இழுபட்டால் அது தளரும், முடிச்சு நெகிழும், ஒருநாள் அறுந்தும் போகும். மருத்துவரும் அதை அறிந்தேதான் கட்டுகிறார். அந்த நரம்பு சில வாரங்கள் தாங்கி நின்றால் போதும்; அதற்குள் மூட்டைச் சுற்றித் தடித்த தழும்புத் திசு வளர்ந்துவிடும், பிற்காலத்தில் காலை நிலையாகப் பிடித்திருக்கப்போவது அந்தத் திசுவே. 12 வாரம் என்ற கணக்கின் ரகசியம் இதுதான். அந்தத் திசு முற்றுவதற்குள் நாய் படகில் தாவினால், நரம்பும் போயிற்று, பட்ட பிரயாசையும் போயிற்று.

முதல் இரண்டு வாரம் காவல் வாரம். மீன் பெட்டிகளை நன்றாகக் கழுவிக் காயவைத்து, வீட்டின் ஒரு மூலையில் இரண்டு அடுக்காக நிறுத்தினால் சிறு நாய்க்குப் போதுமான அடைப்பு ஆயிற்று. தரையில் சாக்கோ தடித்த பாயோ விரிக்க வேண்டும். வழுவழுப்பான டைல்ஸ் தரை இந்தக் காலுக்குச் சத்துரு. பழைய வலையை மட்டும் விரிக்கவோ மறைப்பாகக் கட்டவோ கூடாது. கண்ணியில் நகம் மாட்டி நாய் காலை வெட்டி இழுத்துக்கொள்ளும். மீன் புழங்கும் ஊரில் ஈக்குப் பஞ்சமில்லையாதலால், தையல் உள்ள நாயைப் பகலிலும் கொசுவலைக்குள் வைப்பது அவசியம். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் மற்றெல்லாப் பராமரிப்பும் வீணாகும். மஞ்சள் தூளும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாய் நக்காதபடி கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பை, அது முகத்தைச் சுளிக்கிறதே என்று இரக்கப்பட்டுக் கழற்றக்கூடாது. தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள் வரை அந்தக் கூம்பு இருந்தே தீரவேண்டும்.

ஐஸ் இல்லாத குப்பம் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள், மீனுக்கு வாங்கும் ஐஸில் ஒரு துண்டை நொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மேலே துண்டுத் துணி சுற்றி, முழங்காலின்மேல் 10 அல்லது 15 நிமிஷம் வைக்கலாம்; ஒரு நாளில் மூன்று நான்கு தடவை வைத்தால் வீக்கமும் வலியும் நன்றாகத் தணியும். மீன் ஐஸ் சுத்தமானதல்ல. அதன் நீர் ஒரு சொட்டும் தையலில் படலாகாது. வீக்கம் கணுக்கால்வரை இறங்கிச் சில நாள் நிற்பது சகஜம். ஆனால் தையல் பிளப்பதும், சீழ் கசிவதும், துர்நாற்றம் வீசுவதும், நாய் உண்ண மறுப்பதும் அப்படியல்ல. அன்றே மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகள் அவை.

வலிக்கு அவர் எழுதிக் கொடுத்த மருந்தை, சொன்ன அளவில், சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் நிறுத்திவிட்டு அவரைக் கேட்க வேண்டும். பெட்டிக் கடையில் நமக்கென்று வாங்கிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது மிகவும் அபாயகரமான காரியம். ஐபுப்ரோபென் நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும்.

மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து காலை மடக்கி நீட்டும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். நல்ல கால் கீழும் நோயுற்ற கால் மேலுமாக நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதற்குப் பழக்கமானவர் தலைமாட்டில் அமர்ந்து பேச்சுக்கொடுக்க வேண்டும். ஒரு கை முழங்காலுக்கு மேலே தொடையைத் தாங்கட்டும், மறு கை கீழே காலைப் பிடிக்கட்டும். நாய் தலையைத் திருப்பிப் பார்க்கும் எல்லைவரை மெல்ல மடக்கி, அங்கேயே கணநேரம் நிறுத்தி, மெல்ல நீட்டவேண்டும். அந்தத் திரும்பிப் பார்த்தலே ‘போதும்’ என்று அது சொல்லும் பாஷை. ஒரு வேளைக்கு 10, 15 தடவை. நாளுக்கு இரண்டு மூன்று வேளை.

வெளிக்குப் போகும்போது பழைய சேலைத் துண்டை வயிற்றின்கீழ்க் கொடுத்து இரு நுனியையும் மேலே பிடித்துக்கொண்டால் பின்பாரம் குறையும். இரண்டு வாரத்துக்குள் விரல் நுனியாவது தரையைத் தொடத் தொடங்கவேண்டும். மூன்றாவது வாரம் முதல், கயிற்றில் பிடித்து, 5 நிமிஷம், மிகமிக மெதுவாக நடத்தலாம். வேகமாகப் போனால் நாய் நோயுற்ற காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். மெதுவாகப் போனால்தான் நாலாவது காலையும் ஊன்றியே ஆகவேண்டும். வாரத்துக்கு 5 நிமிஷமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். நீரோரத்தில் இறுகிய ஈரமணல் இதற்கு உத்தமம். உலர்ந்த பொதி மணலைப் பிந்திய வாரங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சேற்றையும் ஆளி ஓடு கிடக்கும் இடத்தையும் அறவே விலக்க வேண்டும். புண் முற்றிலும் ஆறி, மருத்துவரும் சம்மதித்தபின், ஏரியின் ஆழமற்ற அமைதியான ஓரத்தில் நெஞ்சளவு நீரில் நாயை நடக்கவைக்கலாம். நீர் உடலைத் தாங்குவதால் மூட்டு நோகாமல் தசை வலுக்கும். முகத்துவாரத்து இழுப்பும் வலை விரித்த இடமும் வேண்டாம். கரையேறியதும் உப்பு நீங்க நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

மிகவும் ஆபத்தான காலம், நாய் வலியில் முனகும் முதல் வாரமன்று. வலி மறைந்து வாலை ஆட்டிக்கொண்டு எழும் நாலாவது, ஐந்தாவது வாரங்களே ஆகும். “நல்லாத்தான நடக்குது, அவுத்து வுடேன்!” என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். ஆண்கள் ஏரிக்கும் பெண்கள் மீன் விற்கவும் போய்விட்டாலும், வலை பொத்துகிற தாத்தாவோ, திண்ணையில் உட்காரும் ஆயாவோ பகல் முழுதும் இருக்கிற பாக்கியம் குப்பத்து வீட்டுக்கு உண்டு. கயிற்றின் நுனியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பிள்ளைகளுக்கு, முன்னங்காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, மார்பின் கீழ் ஒரு கையும் பிட்டத்தின் கீழ் ஒரு கையும் கொடுத்துத் தூக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் அவர்களே சிரத்தையோடு பார்த்துக்கொள்வார்கள்.

ஓடாத நாய்க்கு ஓடிய காலத்துச் சோறு ஆகாது. 5 கிலோ நாய் அரை கிலோ கூடினால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு கூடியதாகும். அவ்வளவையும் சுமப்பது அந்த முழங்கால். சோற்றைக் குறைத்து, முள் நீக்கிய வேகவைத்த மீனைக் கொடுக்கலாம். கருவாடு, உப்பின் காரணமாக, வேண்டாம். ஒரு காலில் ஜவ்வு அறுந்த நாய்களில் பாதியை நெருங்குமளவுக்குச் சில வருஷங்களுக்குள் மறுகாலிலும் அறுகிறதாதலால், இந்த எடைக் கட்டுப்பாட்டை 12 வாரத்தோடு விட்டுவிடலாகாது.

எட்டாவது வாரத்தை ஒட்டி மறுபரிசோதனைக்கு நாள் குறித்திருப்பார்கள். மருத்துவர் கையால் மூட்டை அசைத்துப் பார்ப்பார். எலும்பை வெட்டிப் பொருத்தியிருந்தால் எக்ஸ்ரே எடுத்துக் கூடியிருக்கிறதா என்று காண்பார். நாய்தான் நன்றாக நடக்கிறதே, 60 கிலோமீட்டர் எதற்கு என்று எண்ணாமல், சீட்டை எடுத்துக்கொண்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு பிரயாணத்தையும் போய்வந்துவிடுங்கள்; கயிற்றை அவிழ்ப்பது அதற்குப் பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் இருக்கட்டும்.