சொத்தை என்று திட்டாதீர்கள்: பிள்ளைகளின் பல்லில் பிறவிக் குறைகள்

மூலனூர்ப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் விடியலிலேயே பனியன் கம்பெனி வேன் ஏறிவிடும் வீடுகள் உண்டு. பிள்ளையைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அம்மாயிதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் வாயை நிதானமாகப் பார்க்கும்போது, புதிதாக முளைத்த கடைவாய்ப்பல்லில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை தெரிகிறது. "முட்டாய் தின்னு தின்னு சொத்தையாக்கி வெச்சிருக்கறயே!" என்று வசவு விழுகிறது. பல நேரம் அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இருக்காது. பல் தாடைக்குள் இருந்தபோதே குறையோடு உருவாகியிருக்கும்.

மெஷினிலேயே விழுந்த ஓட்டை

ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லின் எனாமல், பிள்ளை பிறக்கும் சமயத்திலேயே உருவாகத் தொடங்குகிறது. மூன்று வயதுவாக்கில் அந்த வேலை முடிந்துவிடும். அதற்குள் ஏதாவது தடங்கல் வந்தால் எனாமலில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாது. நிட்டிங் மெஷினிலேயே துணியில் விழுந்த ஓட்டை செக்கிங்கில்தான் கண்ணில் படும். எத்தனை சலவை போட்டாலும் போகாது. இதுவும் அப்படித்தான். எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைப்பதோடு அழிந்துவிடுவதால் உடம்பே அதைச் செப்பனிட வழியில்லை.

கடைவாய்ப்பல்லையும் முன்பல்லையும் பாதிக்கும் இந்தக் குறையைப் பல் மருத்துவர்கள் எம்.ஐ.எச். என்கிறார்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 13 பேருக்கு இது இருக்கிறது. சென்னைப் பள்ளிகளில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் தெரிந்தது. பிரசவ நேரச் சிக்கல், முதல் மூன்று வயதில் வந்த கடும் காய்ச்சல் போன்றவற்றோடு தொடர்பு சொல்லப்படுகிறது. ஒற்றைக் காரணம் என்று எதுவும் உறுதியாகவில்லை. ஆகவே தாயையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

இந்தப் பல் கூசும். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பிள்ளை முகம் சுளிக்கும். கூச்சத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் விளக்காமல் விடும். அப்புறம் உண்மையிலேயே சொத்தை பிடிக்கும். மென்மையான எனாமல் மெல்லும்போதே பொடிந்தும் போகும். சீக்கிரம் காட்டினால் ஃப்ளோரைடு பூச்சு, பள்ளங்களை மூடும் சீலன்ட், அடைப்பு என்று எளிதில் முடியும். உடைந்த பல்லுக்கு உலோகத் தொப்பி மாட்டிக் காப்பாற்றலாம். வலி தாங்காமல் போகும்போது பல்லையே எடுக்க நேர்கிறது.

வராத பல், கூடுதல் பல்

ஞானப்பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், நூறு பேரில் சுமார் ஆறு பேருக்கு ஏதாவது ஒரு நிலைப்பல் உருவாவதே இல்லை. இது குடும்பத்தில் ஓடும். மாறாக, நூற்றுக்கு ஓரிருவருக்கு ஒரு பல் கூடுதலாக இருக்கும், பையன்களுக்கே அதிகம். மேல்முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே அது ஒளிந்துகொண்டு முன்பல்லை வரவிடாமல் மறிப்பதுண்டு.

குழந்தை பல்லோடு பிறந்தால், மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் குழந்தைகளில் ஒன்று பல்லோடுதான் பிறக்கிறது. மாமனுக்கு அதனால் ஒன்றும் வராது. பல் ஆடினாலோ பால் குடிக்கும்போது தொந்தரவு செய்தாலோ மருத்துவரிடம் காட்டினால் போதும்.

போர் தண்ணீர்

முன்பற்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கோடுகளோ பழுப்புக் கறையோ இருந்தால் குடிக்கும் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது. வளரும் பல்லை அது கறையாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் குறையாது. வீட்டு போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

எப்போது காட்டுவது

ஆறு ஏழு வயதில் ஒருமுறை, கடைவாய்ப்பல் முளைத்ததும். மறுபடி ஒன்பது பத்து வயதில், மேல் கோரைப்பல் சரியான வழியில் இறங்குகிறதா என்று பார்க்க. வழி தப்பியது அப்போதே தெரிந்தால், அங்கிருக்கும் பால்பல்லை எடுத்தாலே பல பிள்ளைகளுக்குக் கோரைப்பல் தானாக வந்துவிடும். தாமதித்தால் பக்கத்துப் பல்லின் வேரை அது அரிக்கக்கூடும். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வருகிறது. வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுந்த பால்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியும் நாளில், காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். ஆறு மாதமாகியும் அந்த இடத்தில் பல் தலைகாட்டவில்லை, எதிர்ப்பக்கத்துப் பல் மட்டும் முளைத்துவிட்டது என்றால் எக்ஸ்-ரே எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.