வரவேற்பறைக்குள் வந்த வழக்கு

சனிக்கிழமை இரவு. நண்பர்கள் ஏழு பேர் ஒரு வீட்டில் கூடிப் படம் பார்க்கிறார்கள். டிவிடி வட்டை விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர்தான், பார்ப்பவர்களோ எழுவர். இது தவறா?

இல்லை என்கிறது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். ஒரு படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி தேவை. குடும்பத்தினரும் அவர்களுடன் இயல்பாகப் பழகுபவர்களும் வீட்டில் கூடிப் பார்ப்பதை அச்சட்டம் பொதுத் திரையிடலாகக் கருதுவதில்லை. இத்தனை பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற கணக்கும் அதில் இல்லை. நட்பைத் தலை எண்ணி அளக்க முடியுமா என்ன?

எனினும், மக்கள் தங்கள் வீட்டில் எதை, எப்போது பார்க்கலாம் என்பதில் படநிறுவனங்கள் தலையிட முயன்றதுண்டு. 1975ஆம் ஆண்டு சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சியை ஒளிநாடாவில் பதிவு செய்து, ஓய்வு கிடைக்கும்போது பார்க்க அக்கருவி உதவியது. மறு ஆண்டே யுனிவர்சல், வால்ட் டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் சோனியின்மீது வழக்குத் தொடுத்தன. வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல். அதற்குக் கருவியை விற்றவரே பொறுப்பு என்பது அவற்றின் வாதம். கருவியைப் பயன்படுத்திய தனிமனிதர் ஒருவரும் வழக்கில் சேர்க்கப்பட்டார். ஆனால், அவரிடம் இழப்பீடு எதுவும் கேட்கப்படவில்லை.

படைப்பாளிக்கு உரிய வருமானம் கிடைக்கவேண்டும் என்ற கவலை நியாயமானதே. ஆனால், அக்கவலை எல்லை மீறியது. அமெரிக்கப் படநிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வேலண்டி, 1982இல் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியபோது, இக்கருவியைப் பாஸ்டன் நகரில் தனியாக இருந்த பெண்களைக் கொன்ற கொலைகாரனுடன் ஒப்பிட்டார்! சிறுவர் நிகழ்ச்சி படைத்த ஃபிரெட் ராஜர்ஸ் நேர்மாறாகச் சாட்சியம் அளித்தார். தம் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்றார் அவர்.

1979இல் கீழ்நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியாக, 1984 ஜனவரி 17ஆம் நாள், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஐந்து நீதிபதிகள் சோனியின் பக்கம்; நால்வர் எதிர்ப்பக்கம். ஒருவர் மட்டும் மனம் மாறியிருந்தால், தீர்ப்பே மாறியிருக்கும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சில ஆண்டுகளுக்குள், திரையரங்குகளில் கிடைத்ததைவிடக் கூடுதலான வருமானத்தை ஒளிநாடாக்களே அப்படநிறுவனங்களுக்கு ஈட்டித் தந்தன. அவை தடுக்க நினைத்த கருவி, அவற்றுக்கே பொன் முட்டையிடும் வாத்தாக மாறியது.

ஆயினும், வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை ஓயவில்லை. 2012இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று வெளியானது. திரையின் முன் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கருவியே கண்காணித்து, அனுமதித்த எண்ணிக்கையை மீறினால் நடவடிக்கை எடுக்கும் முறையை அது விவரித்தது. அம்முறை நடைமுறைக்கு வந்தால், ஆறு பேருக்குக் கட்டணம் செலுத்திய வீட்டில் ஏழாவது நண்பர் வந்து அமர்ந்ததும் படம் நின்றுபோகலாம்.